சாட்சிக் கூண்டுக்கு வராத எருமை

பஸ் கொண்டக்டருக்கு டிக்கட் குடுக்குறது சின்ன வேலைங்க. ஓடுற படத்துக்குப் பதில் சொல்றதுதான் பெரிய வேலை. பாதிப் படத்துல இறங்கிப் போயி, மிச்சக் கதை தெரியாம சோத்துல கைய வச்சுக்கிட்டு யோசிச்சவங்க உங்கள்ல எத்தனை பேருன்னு எனக்குத் தெரியாது. அப்படி ஒருத்தரா இருந்தா நீங்க என் கட்சி. உங்களுக்காகத்தான் இதச் சொல்றேன்.

எங்க பஸ் காலையில ஹல்துமுல்லையிலருந்து ஹப்புத்தளை, பண்டாரவளை வழியா பதுளைக்கு வரும். வர்றப்ப ரேடியோவுல சாமிப் பாட்டு. மத்தியானத்துக்கு மேல பதுளையிலருந்து திரும்பிப் போறப்பத்தான் படம். முதலாளி பதுளை பஜார்ல துணிக்கடை வச்சிருக்குற ஹாஜியார். பஸ்ஸ அவரு யாருகிட்டயோ பழசா வாங்குனப்ப டிரைவர் தலைக்கு மேல ஒரு டீவியும், அதுல சொருகுன ஒரு பென்டிரைவும் சேந்தே வந்துச்சு. எவனும் களவெடுத்துரக் கூடாதுன்னு ஹாஜியார் அந்தப் பென்டிரைவப் பசை போட்டு ஒட்டிட்டாரு. அதனால உள்ளுக்கு இருக்குற படம்தான் படம். எல்லாம் பழசு, அதுவும் கையில காசில்லாதவங்க எடுத்த பழசு. படத்தோட பேரு வர்ற இடத்த எவனோ வெட்டி எடுத்திருக்கான். போன்ல தேடிப் பாத்தாச்சு, நடிச்சவங்களே மறந்துட்டாங்க போல, ஒன்னும் கிடைக்கல.

ரிமோட் கிடையாது. டீவியில ஒரே ஒரு பட்டன்தான் வேலை செய்யும். அத அமுக்குனா அடுத்த படம் வரும். படத்த முன்னுக்கு ஓட்ட ஏலாது. எஞ்சின நிப்பாட்டுனா டீவி செத்துரும், மறுபடி ஸ்டார்ட் பண்ணுனா படம் மொதல்லருந்து ஆரம்பிக்கும். எங்க பயணத்தவிட எல்லாப் படமும் கொஞ்சம் நீளம். ஆக, எந்தப் படத்தோட முடிவையும் எங்க பஸ்ஸில எவரும் பாத்ததில்ல. நானும் பாத்ததில்ல.

இருந்தாலும் பஸ் கிளம்புனதும் முன்னுக்கு நின்னு, இன்னைக்கு என்னா படம், எப்படி இருக்கும்னு என் அபிப்பிராயத்த நாலு வார்த்தை சொல்லுவேன். அதக் கேக்குறதுக்கே வேற பஸ்ஸ விட்டுட்டு எங்க பஸ்ஸுக்கு நிக்கிறவங்க இருக்காங்க. என்னைய யாரும் கொண்டக்டர்னு கூப்புடுறதில்ல, 'படக்காரத் தம்பி'ன்னுதான் கூப்புடுவாங்க. பள்ளிக்கூடத்துல கிடைக்கல, தோட்டத்துல கிடைக்கல, எனக்குன்னு ஒரு பேரு கிடைச்சது இதுலதாங்க. அதனாலதான், எல்லாரையும் மகன்னு சொல்ற ஹாஜியார் ஒரு நாள் கூப்புட்டு, "இனி முறைப்பாடு வந்திச்சுன்னா டீவியக் கழட்டி என்ட கடையில மாட்டிருவேன் மகன்"னு சொன்ன அன்னைக்கு எல்லாருக்கும் மிச்சக் காசத் தப்புத் தப்பாக் குடுத்தேன். புகாரு வராம எப்படி இருக்கும்? நீங்களே பாருங்க.

ராஜா குதிரையும் வளைவு ரோட்டும்

எங்க டிரைவர் முருகேசு அண்ணன். டீவி அவரு தலைக்கு மேல, ஆளுங்களப் பாத்த மாதிரி இருக்கு. அதனால அவரு எந்தப் படத்தையும் பாத்ததில்ல, கேட்டிருக்காரு. ஆனா அவருக்கு இருக்குற அபிப்பிராயம் எனக்குக் கூட இல்ல. "கதாநாயகி மூக்கடைச்சுப் பேசுறா, இந்தப் படம் ஓடிருக்காது"ன்னு ரோட்டப் பாத்துக்கிட்டே சொல்லுவாரு.

ஒரு ராஜா படம் இருக்கு. காவக்காரன் சாஞ்சா கோட்டைச் செவரே ஆடும். அந்தப்புரத்துல ராணி தலைக்குப் பின்னால லைட் சுவிட்சு தெரியும். வாள் சண்டைன்னா கரண்டி கழுவுற சத்தம்தான் வரும். என் அபிப்பிராயத்துல படம் மோசமில்ல. ராஜாவோட மீசைய மட்டும் ஹாஜியார் பசையால ஒட்டியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். அதுல ராஜா குதிரையில ஏறி எதிரியத் துரத்துற கட்டம் ஒன்னு. அன்னைக்குன்னு பாத்து அது ஹப்புத்தளைக்குக் கீழ, வளைவுக்கு மேல வளைவு வர்ற எடத்துல வந்துருச்சு. குளம்புச் சத்தம் ஏற ஏற அண்ணன் காலும் அழுந்துது. பொம்பளைங்க கத்துறாங்க, கடைசி சீட்டுல இருந்த கோவா மூட்டை அவுந்து முட்டைக்கோசெல்லாம் முன்னுக்கு உருண்டு வருது. "ஐயோ அண்ணே, மெதுவா!"ன்னு நான் அவரு தோளப் புடிச்சு உலுக்குன பொறகுதான் பிரேக் புடிச்சாரு. புடிச்சிட்டுத் திரும்பி, என்னமோ நான்தான் துரோகம் பண்ணிட்ட மாதிரி கேட்டாரு:

"நா என்னா தம்பி பண்றது? அவன் குதிரை அந்த ஓட்டம் ஓடுது, நம்ம மட்டும் பின்னால கெடக்கவா?"

பூப்போட்ட பேய்

அதுக்கப்புறம் வளைவு ரோட்டுல சோகம் வர்ற மாதிரி படமாப் பாத்துப் போட்டேன். அதுல வேற வில்லங்கம். சோகக் கட்டம்னா அண்ணன் வண்டிய உருட்ட ஆரம்பிச்சிருவாரு, எழவு வீட்டு ஊர்வலத்துக்குப் பின்னால போறவரு மாதிரி. பின்னால வர்ற பஸ் ஹோர்ன் அடிச்சே எங்களத் தள்ளிக்கிட்டுப் போகும். சரி, சண்டையும் வேணாம் சோகமும் வேணாம்னு ஒரு பேய்ப் படத்தப் போட்டேன்.

அந்தப் பேய எடுத்தவங்களுக்கு வெள்ளைச் சீலை கிடைக்கல போல, பூப்போட்ட பெட்சீட்டப் போத்தி விட்டிருக்காங்க. காத்துல மெதந்து வரணும். ஆனா சைக்கிள் மிதிச்சு வருதுன்னு முழங்கால் ஆடுறதுலயே தெரியும். இருந்தாலும் பயம் வந்துச்சுங்க, பொய் சொல்லல. பேய் வாசலத் தொறந்த நேரம் பஸ் ஹப்புத்தளையத் தொட்டுச்சு, பனி ஜன்னல் வழியா உள்ளுக்கு வந்து டீவிய மூடிருச்சு. சத்தம் மட்டும் கேக்குது. பக்கத்துல இருக்குறவங்க மொகம் தெரியல. எவளோ என் கையப் புடிச்சுக்கிட்டு "முருகா"ன்னு அழுகுறா. முன் சீட்டுல ஒருத்தரு மட்டும் அசையாம இருந்தாரு. பண்டாரவளையில கணக்குப் படிப்பிக்கிற மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர், ஹப்புத்தளையில வாடகை வீடு. பனி விலகுனதும் கண்ணாடியத் தொடச்சு மாட்டிக்கிட்டு, இறங்குறதுக்கு முன்னால என்னையக் கிட்டக் கூப்புட்டாரு.

"தம்பி, உந்தப் பேய் கையில மணிக்கூடு கட்டியிருக்கு, கண்டனீரோ? அது நேரத்துக்கு வருது. உம்மட பஸ்தான் பிந்தி வருது."

ஹப்புத்தளைச் சகவாசம்

மாஸ்டர் அதே வார்த்தைய, துணி எடுக்கப் போன எடத்துல ஹாஜியார்கிட்டயும் சொல்லிட்டாரு. ஹாஜியார் என்னையத் திட்டல. டீவி மாட்டுறதுக்குக் கடைச் செவத்துல எடம் பாத்துக்கிட்டு இருந்தாரு. அது திட்டுறதவிட மோசம்.

அந்த வாரமே ஒரு டாக்டர் படத்தால அடிதடி. வெள்ளை வேட்டி கட்டுன டாக்டர். ஆரம்பத்துல ஏழைங்களுக்குச் சும்மா மருந்து குடுப்பாரு, கோழிக்குஞ்சுக்குக் கூட கட்டுப் போடுவாரு. பண்டாரவளை தாண்டுனா அவரே ஊசியில வெஷத்த ஏத்தி ஊரு சொத்தயெல்லாம் எழுதி வாங்குவாரு. பதுளையில ஏறித் தெமோதரையில இறங்குறவங்களுக்கு அவரு கருணை வள்ளல். பண்டாரவளையில ஏறி ஹப்புத்தளைக்குப் போறவங்களுக்கு அவரு கொலைகாரன். ரெண்டு பக்கமும் இத்தன நாளா சந்திச்சுக்கல, அதனால பிரச்சினையில்ல.

அன்னைக்குத் தெமோதரைக்காரர் ஒருத்தரு மரக்கறி வாங்கப் பண்டாரவளைக்கு வந்திருந்தாரு. பஸ் ஸ்டாண்டுல ஒரு ஹப்புத்தளைக்காரர் டாக்டரக் கெட்ட வார்த்தையில திட்டுறதக் கேட்டு, சட்டையப் புடிச்சிட்டாரு. நான் ஓடிப்போயி வெலக்கி, நடுவுல நின்னு, ரெண்டு பேரு சொல்றதும் சரிதான், ஆரம்பத்துல நல்லவரு, பொறகுதான் மாறிட்டாருன்னு கதையச் சொன்னேன். தெமோதரைக்காரர் எதுத்தாப்புல நின்னவர மேலயும் கீழயும் பாத்துட்டுச் சொன்னாரு:

"எங்க ஊரு தாண்டுற வரைக்கும் அவரு தங்கமான மனுசன். இந்த ஹப்புத்தளை ஆளுங்களோட சேந்ததுலதான் கெட்டுப் போயிட்டாரு."

நிமல் ஐயாவோட தமிழ்ப் பாடம்

இன்னொரு படத்துல சத்தமும் வாயும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கும். கதாநாயகன் வாயசைச்சு, மூடி, தண்ணியும் குடிச்ச பிறகுதான் "நான் உன்னைக் காதலிக்கிறேன்"னு குரல் வரும். அதுக்குள்ள அந்தப் புள்ள வெக்கப்பட்டு முடிச்சிரும். பண்டாரவளையில மரக்கறி யாவாரம் பண்ற நிமல் ஐயா, சிங்களவரு, அந்தப் படம் ஓடுற அன்னைக்கெல்லாம் கண்ணிமைக்காமப் பாப்பாரு. தமிழ் சரியாத் தெரியாத மனுசனுக்கே புடிச்சிருக்கேன்னு எனக்குப் பெருமை. ஒரு நாள் என்னைய எதுக்க நிக்க வச்சு, வாய நல்லா அசைச்சுக் காட்டி, மூடி, கொஞ்சம் பொறுத்து "வணக்கம்"னாரு. எனக்கு வெளங்கல. அவருக்கு என் மேல கொஞ்சம் சலிப்பு. தம்பிய 'மல்லி'ன்னு சிங்களத்துல சொல்லுவாங்க.

"மல்லி, நான் தமிழ் படிக்கிறது. வாய் மூடின பிறகுதானே சத்தம் வரணும்? நீங்க மட்டும் ஏன் ரெண்டும் ஒன்னா பேசுறது?"

அரைப்பேரு

லெட்சுமி அக்கா ஹல்துமுல்லைக்குக் கிட்ட ஒரு தோட்டத்துல கொழுந்து பறிக்கிறவங்க. நெஞ்சு வருத்தம், இருதய நோய். பதுளை கிளினிக்குக்கு வந்துட்டு, மருந்துப் பைய மடியில வச்சுக்கிட்டு எங்க பஸ்ஸிலதான் திரும்புவாங்க. ஒரு நாள் அவங்களோட தோட்டத்துப் பொம்பளைங்க நாலஞ்சு பேரு ஏறுனாங்க. நான் சும்மா இருக்காம, "உங்களுக்காகவே தேயிலைத் தோட்டத்துப் படம்"னு ஒன்னப் போட்டேன்.

எடுத்தவன் தோட்டத்தப் படத்துல கூட பாத்திருக்க மாட்டான். கதாநாயகி பட்டுச் சீலை கட்டி, பூக்கூடைய முழங்கையில மாட்டிக்கிட்டு, ஒரு கையால முத்தல் இலைய உருவி, மோந்து பாத்து, தூக்கி எறியுறா. கதாநாயகன் தேயிலைச் செடி மேல உருண்டுக்கிட்டே பாடுறான். பஸ்ஸுக்குள்ள ஒரே கூச்சல். "ஏன்டி, ஒனக்குக் கை ஒன்னுதானா?" "அடேய், எந்திரிடா, செடி வாது முறியுது!" டீவிக் கண்ணாடிய ஒருத்தி தட்டுறா, கதாநாயகனுக்குக் கேக்கும்னு. வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கலாம்ல நான்? "அக்கா, காட்சி குளிர்ச்சியா எடுத்திருக்காங்க இல்ல?"ன்னேன். எல்லாரும் என் பக்கம் திரும்பிட்டாங்க. கொழுந்து கொறஞ்சா தோட்டத்துல பாதிநாள் சம்பளம்தான். அதுக்கு அரைப்பேருன்னு சொல்லுவாங்க. லெட்சுமி அக்கா ஓடுற பஸ்ஸில கம்பியப் புடிச்சு எந்திரிச்சு நின்னாங்க. நான்தான் கங்காணி மாதிரி என் மொகத்துக்கு நேரா வெரல நீட்டுனாங்க.

"பாட்டே முடிஞ்சு போச்சு, கூடையில இன்னும் பூதான் கெடக்கு. தம்பி, அவளுக்கு இன்னைக்கு அரைப்பேரு கூட போடக்கூடாது, சொல்லிட்டேன்!"

டீசல் குடிச்ச எருமை

இத்தனை படத்துக்கும் மேல நிக்கிறது எருமைப் படம்தான். பால்காரன் மேல கொலைப் பழி. செத்தவனக் கொன்னது அந்தச் செத்தவனோட கூடப் பொறந்த தம்பி. அதப் பாத்தது கொட்டில்ல கட்டியிருந்த செவ்வந்திங்கிற எருமை மட்டும்தான். வக்கீல் எந்திரிச்சு, "என் சாட்சி எருமைதான்"னு சொல்லுவாரு. கோர்ட்டுன்னு காட்டுறது ஒரு வகுப்பறை; நீதிபதிக்குப் பின்னால கரும்பலகையில கணக்கு அழியாம இருக்கு. அதுல ஒன்னு பிழைன்னு, அதப் பாக்குறதுக்கே ஹல்துமுல்லை வரைக்கும் வந்த மாஸ்டர் வேற சொன்னாரு. கடைசியில நீதிபதி சாட்சியக் கூப்புடச் சொல்லுவாரு. வாசல்ல நிக்கிறவன் "செவ்வந்தி! செவ்வந்தி! செவ்வந்தி!"ன்னு கத்துவான். கதவு அசையும். அந்த நேரம் ஹல்துமுல்லை வந்துரும், எஞ்சின நிப்பாட்டணும், டீவி இருண்டுரும்.

எருமை கொலைகாரன முட்டுமா, அழுவுமா, பால்காரன நக்குமான்னு ஊருக்கு ஊரு கட்சி. "அதோட கொரல் சரியில்ல, சளி புடிச்சிருக்கு, சாட்சி சொல்லாது"ன்னு முருகேசு அண்ணன் அடிச்சுச் சொல்றாரு. ஆனா எல்லாரையும் விட அதுக்காகத் தவிச்சது லெட்சுமி அக்காதான். கிளினிக் டாக்டர் மருந்த மாத்திக் குடுத்த அன்னைக்கு மொகமெல்லாம் வாடிப்போயித்தான் பஸ்ஸில ஏறுனாங்க. என்னாக்கா சொன்னாருன்னு கேட்டேன். "அவரு என்னமோ சொல்லட்டும் தம்பி. எருமை என்னா சொல்லுதுன்னு பாக்காம நா எங்கயும் போறதா இல்லைன்னுட்டேன்"னாங்க.

அக்காவுக்காகவாவது முடிவு வரைக்கும் படத்தக் கொண்டு போயிரணும்னு பாத்தேன். பண்டாரவளையில வேணும்னே நின்னு, எல்லாரும் எறங்கி டீ குடிக்கிற வரைக்கும் எஞ்சின நிப்பாட்டாம ஓட விட்டோம், நிப்பாட்டுனா பால்காரன் மறுபடி மொதல்லருந்து பால் கறக்க ஆரம்பிச்சிருவான். பிந்துன நேரத்த முருகேசு அண்ணன் ஓடிப் புடிச்சதுல முடிவும் வரல, டீசலும் போச்சு. ஹாஜியாருக்கு அது தெரிஞ்சு போச்சு. இனிமே ஹல்துமுல்லைக்குப் போய்ச் சேர்ற அளவுக்குத்தான் டீசல், திரும்பி வர்றதுக்கு அங்க அடிச்சுக்கன்னு அளந்து ஊத்த வச்சாரு. வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிஞ்சதும் தானே வந்து டீவியக் கழட்டுறதாவும் சொல்லிட்டாரு. நான் எவ்வளவோ கெஞ்சுனேன். அவரு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு:

"எனக்கு ஒன்ன மட்டும் சொல்லு மகன். டீசலக் குடிக்கிறது பஸ்ஸா, எருமையா?"

ஸ்குரூ டிரைவரோட ஹாஜியார்

வெள்ளிக்கிழமை ஹாஜியார் கையில ஸ்குரூ டிரைவரோட ஏறி முன் சீட்டுல ஒக்காந்தாரு. நடுவழியில கழட்டுனா ஆளுங்க சத்தம் போடுவாங்க, ஹல்துமுல்லையில எல்லாரும் எறங்குனதும் கழட்டலாம்னு அவரு கணக்கு. கடைசிப் பயணம். எருமைப் படத்தப் போட்டுட்டு, வழக்கமா சொல்ற நாலு வார்த்தைக்குப் பதிலா "பாருங்க"ன்னு மட்டும் சொன்னேன். லெட்சுமி அக்கா மருந்துப் பையோட ரெண்டாவது சீட்டுல இருந்தாங்க.

ஹாஜியார் மொதல்ல ஜன்னலப் பாத்தாரு. ஹாலி எலை ஊரு வந்தப்ப கொட்டாவி விட்டாரு. தெமோதரையில, "அந்த மீசைக்காரன் யாரு?"ன்னாரு. பண்டாரவளையில எல்லாரும் டீ குடிக்க எறங்குனாங்க, அவரு எறங்கல. எஞ்சின் ஓடிக்கிட்டே இருந்துச்சு, அவரு காதுல விழல. ஹப்புத்தளையில பால்காரனுக்கு வெலங்கு மாட்டுனப்ப, "அநியாயம், அநியாயம்"னு தொடையத் தட்டுனாரு. ஸ்குரூ டிரைவர் கீழ விழுந்து பின்னுக்கு உருண்டு போச்சு. யாரும் எடுத்துக் குடுக்கல.

"செவ்வந்தி!"ன்னு மொத சத்தம் கேக்குறப்ப ஹல்துமுல்லை வந்துருச்சு. முருகேசு அண்ணன் கை சாவிக்குப் போகுது. ஹாஜியார் எந்திரிச்சு நின்னு கத்துனாரு, "நிப்பாட்டாதடா! ஓட்டு!" பஸ் ஸ்டாண்டத் தாண்டிப் பலாங்கொடைப் பக்கம் பறக்குது. எறங்க வேண்டியவங்க ஒருத்தரும் பெல் அடிக்கல. பின்னால, பஸ் நேரம் குறிக்கிற டைம் கீப்பர் விசிலோட ஓடி வர்றாரு. டீவியில கதவு தொறக்குது. ஒரு கொம்பு தெரியுது. ரெண்டாவது கொம்பும் தெரியுது. எருமை உள்ளுக்கு வந்து, கொலைகாரன நேராப் பாத்து, வாயத் தொறக்குது.

பஸ் ரெண்டு தரம் இருமி நின்னுருச்சு. டீவி இருண்டுருச்சு. டீசல் முடிஞ்சு போச்சு.

ரெண்டு பக்கமும் தேயிலை மலை, நடு ரோட்டுல நாங்க. "யா அல்லாஹ், அளந்து ஊத்தச் சொன்னது நான்தானே!"ன்னு ஹாஜியார் தலையில அடிச்சுக்கிட்டாரு. அப்புறம் என் தோளப் புடிச்சாரு. "டீவியத் தொடாத மகன். நாளைக்கே டேங்க நெறைக்கிறேன். முடிவப் பாத்துட்டுத்தான் மத்த வேல." எனக்கு அந்த எடத்துலயே ஆடணும் போல சந்தோசம். ஓடிப்போயி லெட்சுமி அக்காகிட்டச் சொன்னேன், அக்கா, உங்க எருமைய நாளைக்குப் பாத்துரலாம்னு. அக்கா என் சட்டையப் புடிச்சுக் கீழ இழுத்து, ஹாஜியாருக்குக் கேக்காம காதுல சொன்னாங்க:

"வாய மூடுங்க தம்பி. முடிவப் பாத்துட்டா மறுநாளே டீவியக் கழட்டிக்கிட்டுப் போயிருவாரு. எருமை இன்னும் கொஞ்ச நாளைக்கு வாயத் தொறந்துக்கிட்டே நிக்கட்டும், எனக்கு ஒன்னும் அவசரமில்ல."

அக்கா சொன்னத முருகேசு அண்ணன் காதுலயும் போட்டேன். இப்ப எருமைப் படம்னாலே அவரு ராஜா குதிரை வேகத்துல ஓட்டுறாரு, பஸ் அந்தப் பேயையும் முந்தி நேரத்துக்கு முன்னாலயே போய்ச் சேந்துருது, ஸ்டாண்டத் தாண்ட விடாம டைம் கீப்பர் விசிலோட நின்னு எஞ்சின நிப்பாட்ட வச்சிர்றாரு, ஹாஜியார் வாராவாரம் ஏறி முடிவத் தவறவிட்டுட்டு எறங்குறாரு. என் அபிப்பிராயத்தக் கேட்டா, முடியாத படம்தாங்க நல்ல படம்.